இலுப்பூரில் பதினாறு டிகிரி

"உங்க மீட்டர் செத்துப்போச்சு சார். முதல்ல அத மாத்துங்க" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது வசந்தகுமார் இன்னும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

அனுப்பியவர் திருக்கோகர்ணம் சூர்யபிரகாஷ். 'புதுகை வானிலைப் பித்தர்கள்' குழுவின் அட்மின். கார்த்திகை பிறந்த கையோடு இலுப்பூரில் பதினாறு டிகிரி என்று வசந்தகுமார் போட்டிருந்தார். மார்கழிக் குளிரிலேயே அந்தக் குழு பதினாறைப் பார்த்ததில்லை. எவன் நம்புவான்?

வசந்தகுமார் தன் வெப்பநிலை மீட்டரின் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். அந்த மீட்டர் இரண்டு பாகம். சென்சார் மொட்டை மாடியில், காற்றுப் போக இடைவெளி விட்டு ஆசாரி செய்து கொடுத்த வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும். திரை கட்டில் பக்கத்தில் இருக்கும். போர்வைக்குள் கிடந்தபடியே வானத்தை ஆராயலாம். ஓர் உரக்கடை முதலாளிக்கு விஞ்ஞானத்தில் இதற்கு மேல் என்ன சௌகரியம் வேண்டும்?

இந்தப் பதினாறை அவரால் விட்டுக்கொடுக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மச்சினன் கண்ணனின் கல்யாணத்தன்று புயல் வருகிறது என்று அடித்துச் சொல்லி, போட்ட பந்தலைப் பிரிக்க வைத்து, கல்யாணத்தையே வேறு ஊர் மண்டபத்துக்குத் துரத்தியவர் அவர். அன்றைக்கு அடித்த வெயிலில் மாப்பிள்ளைக்கு மயக்கம் வந்துவிட்டது. அதிலிருந்து மாமனார் வீட்டில் அவருக்குப் பெயரே 'புயல்'. மனைவி புவனேஸ்வரிகூட இன்றைக்கு மழை வருமா என்று அவரிடம் கேட்பாள். வரும் என்றால் வடகம் காயப்போடக் கிளம்பிவிடுவாள். ஒரே ஒரு சாதனை தன் பெயரில் பதிவானால் போதும், போன மானம் திரும்பிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார் மனுஷன்.

"ஏங்க, வேர்க்குது. பேனப் போடவா?" என்றாள் புவனேஸ்வரி.

"பதினாறு டிகிரியில யாராவது பேன் போடுவாங்களா?"

"எனக்கு வேர்க்குதே!"

"அது ஒன் ஒடம்புக் கோளாறு. டேட்டா பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்காதபோது நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மீட்டரை மட்டும் எப்படி நம்புவது என்று குழு கேட்டது. உடனே இன்னொன்று வாங்கினார். மத்தியானச் சோற்றுக்குக் கடையைச் சாத்திய நேரத்தில் மாடியேறி, அதன் சென்சாரையும் அதே பெட்டிக்குள் வைத்தார். மறுநாள் விடியற்காலையில் இரண்டு திரையிலும் பதினாறு!

குழு ஆடிப்போய்விட்டது.

"மன்னிச்சிருங்க சார். இங்கிட்டும் பதினெட்டுதான்" என்றார் சூர்யபிரகாஷ்.

"எங்க பக்கம் பதினேழுண்ணே. வலையெல்லாம் வெறச்சுப்போச்சு" என்று கட்டுமாவடி மீன் வியாபாரி மூக்கன் போட்டார்.

அப்புறம் கீரனூர், அறந்தாங்கி என்று மாவட்டமே நடுங்க ஆரம்பித்தது. 'வரலாறு காணாத குளிர், குழந்தைகள் ஜாக்கிரதை' என்று யாரோ எழுதிவிட, சாயங்காலத்துக்குள் இலுப்பூர்க் கடைவீதியில் பாதிப்பேர் காதில் துண்டு கட்டியிருந்தார்கள். கண்ணனே போன் செய்தான்.

"மச்சான், பாப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுக்கணுமா? நீங்க சொன்னா சரிதான்."

நீங்க சொன்னா சரிதான்! வசந்தகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டா எடு மாப்ள" என்றார்.

இவ்வளவு ஆன பிறகு அவரே வெறும் சட்டையோடு திரிய முடியுமா? ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். யூரியா வாங்க வந்த விவசாயி ஒருவர், முகத்தில் வேர்வை ஆறாக ஓடுவதைப் பார்த்துப் பயந்து, "காய்ச்சலா மொதலாளி? ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கவா?" என்று கேட்டார்.

"குளிருங்க, தாங்கல" என்றார் வசந்தகுமார், பனியனைப் பிழிய வேண்டிய நிலைமையில்.

இத்தோடு போயிருக்கலாம். சூர்யபிரகாஷ் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நேரில் வந்து, பெட்டியை வீடியோ எடுத்து, சாதனையை முறைப்படி அறிவிக்கப் போவதாகச் சொன்னார். கண்ணனுக்கும் வீடியோவை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டார் வசந்தகுமார்.

சொன்னபடி சூர்யபிரகாஷும் மூக்கனும் கம்பளியும் மஃப்ளருமாக வந்து இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் மூக்கு நுனியில் வேர்வை. குளிரைப் பற்றியே பேசிக்கொண்டு மாடியேறினார்கள். பின்னால் புவனேஸ்வரி சுக்குக் காப்பித் தட்டோடு வந்தாள்.

மாடியில் வெள்ளைப் பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வேட்டி, நாலு பக்கமும் தொங்கி, சொட்டச் சொட்டத் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாடி அறையில் குடியிருக்கும் ஐயனார், கழுத்தில் துளசி மாலையும் நெற்றியில் சந்தனமுமாக நின்றார்.

"வாங்க சாமி! மால போட்டதுலேருந்து வெடியக்காலம் குளிச்சிட்டு வேட்டிய இதுமேலதான் போடுறேன். கொடியில போட்டா பறந்து அடுத்த வீட்டுக்குப் போயிருது. எடஞ்சலா இருக்கா சாமி?"

மூக்கன் வேட்டி நுனியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே பெட்டி. "ஈரத்துணி சுத்துன பானையில தண்ணி குளுந்துபோற மாதிரில்ல இருக்கு கத!"

வசந்தகுமார் குல்லாவைக் கழற்றினார்.

"நான் ஒரு மடையனுங்க. படுத்துக்கிட்டே ஆராய்ச்சி பண்ணுனா இப்படித்தான் ஆகும். கடையில ஒக்காந்து வேர்த்துக் கொட்டுனப்பவும் என் ஒடம்பு சொன்னத நம்பல. என் கணக்க அழிச்சிருங்க. ரெக்கார்டு மூக்கன் பேருக்குப் போகட்டும். அவருதான் பதினேழு."

மூக்கன் இரண்டடி பின்னால் போனார். "எனக்கு எதுக்குண்ணே? சாரு அட்மின், சாருக்கே குடுங்க."

"சேச்சே, நான் பதினெட்டு. நீதான்யா கம்மி" என்றார் சூர்யபிரகாஷ் அவசரமாக.

"அப்ப நான் இருவதுன்னு மாத்திக்கிறேன் சார்."

"மீட்டர் காட்டுனத எப்புடிய்யா மாத்துவ?"

மூக்கன் தலையைச் சொறிந்தார். "அது பேட்டரி தீந்து ஐப்பசியிலேருந்து கெடக்குது சார். அண்ணன் பதினாறுங்கிறாரு, நீங்க பதினெட்டுங்கிறீங்க. நான் மட்டும் கடக்கரையில சூடா இருக்குன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? நீங்க பாத்துத்தானே போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

சூர்யபிரகாஷ் மஃப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "என் மீட்டர மக காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிட்டாய்யா. இவரு போட்டதுல ரெண்டு கூட்டிப் போட்டேன்."

கீரனூருக்கும் அறந்தாங்கிக்கும் அங்கேயே போன் போட்டார்கள். அங்கிட்டும் அதே கதைதான். வசந்தகுமார் ஸ்வெட்டரோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே குதித்துவிடலாமா என்பதுபோலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புவனேஸ்வரி காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். முதல் டம்ளரை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப, மாவட்டம் பூராவுலயும் நெசமா மீட்டரப் பாத்துப் போட்டது எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தானா?"