பதினேழாம் நம்பர் கொடுத்த கடிதம்

சிங்கப்பூரில் சமூக ஆய்வு என்று ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் பேராசிரியர்கள் இல்லை, பல்கலைக்கழகங்கள் இல்லை, பதினேழுதான். இதை எந்த மாநாட்டு மேடையிலும் அடித்துச் சொல்ல நான் தயார். யாராவது கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பதினேழு என்பது ஒரு மனிதர். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை, கிராஞ்சியில் ஊழியர் விடுதியில் வாசம். வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றிய என் முதல் ஆய்வில் பதினேழாவது ஆளாகப் பேட்டி கொடுத்தார். "உங்கள் பெயரை எங்கேயும் வெளியிட மாட்டோம், எண் மட்டும்தான் போடுவோம்" என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மனிதர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். போன் செய்தாலும், "ஹலோ மேடம், பதினேழு பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்றால், நம்மவர்கள் கூடுகிற தேக்காவில் ஒரு சந்துக்குள் இருக்கும் தேநீர்க்கடையின் மூலை மேசை அவருடையது. கேள்வித்தாளோடு அந்தப் பக்கம் வருகிற எந்த ஆய்வாளரும் கடைசியில் அங்கேதான் வந்து சேருவார். நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் பதினேழு ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்.

"வயசு நாப்பத்திமூணு. கல்யாணம் ஆயிடுச்சு. ரெண்டு புள்ளைங்க. தூக்கம் அஞ்சு மணி நேரம். மூணாம் பக்கத்துக்கு வாங்க."

ஒருமுறை பெரிய பேராசிரியர் ஒருவரே நேரில் வந்திருந்தார். பாதியில் பதினேழு கையைக் காட்டி நிறுத்தினார். "சார், நாலாம் கேள்வியத் திருப்பிப் போட்டு இருபத்தொண்ணுல கேக்குறீங்க. நான் பொய் சொல்றேனான்னு பாக்குறீங்களா?" பேராசிரியர் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரைக் கால்சட்டையிலேயே கொட்டிக்கொண்டார்.

எந்த ஆண்டு எந்தத் தலைப்புக்கு மானியம் கொடுக்கிறார்கள் என்பது எங்களைவிட அவருக்குத்தான் முதலில் தெரியும். அறிவிப்பு எதையும் படிக்க மாட்டார். தன்னிடம் வருகிற கேள்விகளை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "போன வருஷம் எல்லாரும் தூக்கத்தக் கேட்டாங்க. இந்த வருஷம் மனசக் கேக்குறாங்க. நாங்க அதே ஆளுங்கதான் மேடம். வருஷத்துக்கு ஒரு வியாதி."

ஒரே ஒரு கேள்வியில் மட்டும் மனிதர் மகா கஞ்சன். ஒன்றிலிருந்து ஐந்துக்குள், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? யார் கேட்டாலும் மூன்றுதான். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த வாரத்தில் மட்டும் நான்கு.

"அஞ்சு எப்பத்தான் அண்ணே போடுவீங்க?" என்று கேட்டேன்.

"அத ஊருக்கு ஒரேயடியா போற அன்னிக்குன்னு வெச்சிருக்கேன்."

இனி என் கதைக்கு வருகிறேன். என்னுடையது ஒப்பந்த வேலை. மானியம் வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் மேசையைக் காலி செய்துவிட்டுத் தோ பாயோ வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்க்க வேண்டியதுதான். இரண்டு விண்ணப்பங்கள் ஏற்கெனவே திரும்பிவிட்டன. மூன்றாவதுதான் கடைசி. ஊழியர்கள் ஏன் வியாதி முற்றும்வரை டாக்டரிடம் போவதில்லை என்பது தலைப்பு. யாரைப் பற்றி ஆராய்கிறோமோ அவர்கள் தரப்பிலிருந்து ஓர் ஆதரவுக் கடிதம் வேண்டும் என்பது விதி. நான் கேட்டிருந்த ஊழியர் சங்கமோ "அடுத்த வாரம் லா" என்று சிங்கப்பூர்ப் பாணியில் இழுத்தே மாதத்தை ஓட்டிவிட்டது. திங்கட்கிழமை நண்பகலில் கெடு முடிகிறது. ஞாயிறு அன்று தேநீர்க்கடையில் போய்ப் புலம்பினேன்.

"இதுக்குப் போயா? நான் எழுதுறேன் மேடம்," என்றார் பதினேழு. ஆய்வைப் பற்றி என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் குனிந்து எழுதி நீட்டினார். வாங்கிப் படித்தேன்.

"ஐயா, அம்மா, வணக்கம். இந்த மேடம் கேட்கும் கேள்வியில் பாதி சரியில்லை. நாங்கள் அறியாமையால் டாக்டரிடம் போவதில்லை என்று நினைக்கிறார். எங்களுக்கு எல்லாம் தெரியும். வேலை முடிந்து எங்களை ஏற்றிவரும் லாரி கிராஞ்சி வந்து சேரும்போது டாக்டர் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆனால் மற்றவர்கள் கேள்வி கேட்டுவிட்டு வாட்சைப் பார்ப்பார்கள். இவர் பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பார். சொன்னால் திருத்திக்கொள்வார். ஆகையால் இவருக்கே கொடுக்கவும். இப்படிக்கு, பதினேழு."

"என்ன அண்ணே இது? என் வேலையே போயிடும்!" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நல்லதா நாலு வரி எழுதக்கூடாதா?"

அவர் அசரவில்லை. "பொய் சொன்னா ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று மாலையே அறியாமை என்ற சொல்லைத் தேடித் தேடி அடித்துவிட்டு, லாரி வரும் நேரம், கிளினிக் மூடும் நேரம் என்று விண்ணப்பத்தையே மாற்றி எழுதினேன். சங்கத்தின் கடிதம் மறுநாளும் வரவில்லை. பதினேழின் கடிதத்தை ஒரு வரிகூட விடாமல் மொழிபெயர்த்து, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு அனுப்பினேன்.

மானியக் குழு என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. குழுவின் தலைவியாக இருந்த அம்மையார் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்தார். உங்களையே குறை சொல்கிற கடிதத்தை எதற்கு இணைத்தீர்கள் என்று கேட்டார். "அவர் சொன்னது சரி. படித்த பிறகு திருத்திக்கொண்டேன்," என்றேன். அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்தப் பதினேழு யார் என்றார். சொல்ல அனுமதியில்லை என்றேன்.

மானியம் கிடைத்துவிட்டது. ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் வேலை நேரத்திலேயே அவருக்குப் போன் செய்து, "கிடைச்சிருச்சு அண்ணே!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் இரும்புக் குழாய்கள் உரசுகிற சத்தத்துக்கு மேலே அவர் குரல் வந்தது.

"மேடம், அந்த ஒண்ணுலேர்ந்து அஞ்சு கேள்வி இருக்குல்ல? எனக்கு அஞ்சு போட்டுக்குங்க."

"ஊருக்குப் போற அன்னிக்குன்னு சொன்னீங்களே?"

"அது அப்பப் பாத்துக்கலாம். நீங்க போடுங்க."

சொன்னபடியே போன வருஷம் அவர் ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டார். இப்போது என் ஆய்வுகளில் பதினாறாம் ஆளுக்கு அடுத்து பதினெட்டாம் ஆள்தான் வருவார். ஓர் எண் விட்டுப்போயிருக்கிறதே என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. விட்டுப்போகவில்லை, அந்த எண்ணுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார் என்று பதில் எழுதினேன்.