மலைமேல் மௌனசாமி

"ஏற்காட்டுக்குப் போறது பெரிசில்லடா. போயி எங்க படுக்கிறது? அதைச் சொல்லு மொதல்ல" என்றான் குமாரவேல்.

"போனா தானா இடம் கெடைக்கும்பா. மலை என்னா சின்னதாவா இருக்குது?" என்றான் அர்ஜுனன்.

மார்கழி விடுமுறை தொடங்கியதிலிருந்து காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து டீக்கடையில் இதே பேச்சுதான். குமாரவேல் அந்தத் தெருவிலேயே பட்டு நெய்கிறவர் வீட்டுப் பிள்ளை. அர்ஜுனன் தென்னேரி விவசாயி மகன். பேசுவதற்கென்றே அங்கிருந்து சைக்கிள் மிதித்து வருவான். இருவரும் ஒரே கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் வருஷம்.

கூடப் படிக்கிற ஒருவன் ஊட்டிக்குப் போய்விட்டு வந்து, அங்கே காலையில் வாயைத் திறந்து பேசினாலே புகை வரும் என்று சொல்லியிருந்தான். அன்று பிடித்தது குமாரவேலுக்கு. ஒரு தடவையாவது அப்படிப் புகை விட்டுப் பேசிப் பார்த்துவிட வேண்டும். ஊட்டி அவர்கள் கைக்கு எட்டாது. ஏற்காடு எட்டும், அதுவும் அர்ஜுனனின் மாமா ஓட்டுகிற அரிசி லாரியில் சேலம் வரை ஓசியில் போனால்.

போனார்கள். உடம்பெல்லாம் தவிடாக மலைப் பேருந்து ஏறி ஏற்காட்டில் இறங்கினார்கள். வெயில் ஏறியும் ஏரியின் மேல் மூட்டம் கலையவில்லை. முதலில் கண்ணில் பட்ட லாட்ஜில் வாடகையைச் சொன்னதும் அர்ஜுனன், "நாங்க கட்டடத்த வெலைக்குக் கேக்கலீங்க, ஒரு நாள் படுக்கத்தான் கேட்டோம்" என்றான். அதற்குமேல் அந்த வாசலில் நிற்க முடியவில்லை.

ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான் வழி காட்டினாள். "ஏரியைத் தாண்டிப் போனீங்கன்னா ஒரு சத்திரம் இருக்குதுங்க. காசே வாங்க மாட்டாங்க."

சத்திரம் என்றதும் குமாரவேல் ஓரடி பின்வாங்கினான். போன வருஷம் ஒரு கோயில் சத்திரத்தில் சீட்டாடி மாட்டிக்கொண்டு, "காலேஜ் பசங்களுக்கெல்லாம் இங்க இடமில்லை" என்று பை, படுக்கையோடு தெருவில் தள்ளப்பட்டவர்கள் அவர்கள்.

"காலேஜ்ன்ற வார்த்தையே வாயில வரக்கூடாது" என்றான் அர்ஜுனன். "நாம கோயிலுக்கு வந்தவங்க. பேச்ச எங்கிட்ட உட்டுரு. நீ சும்மா நின்னுக்கினு இரு."

சத்திர வாசலில் தலையைச் சுற்றி மஃப்ளர் கட்டிய ஒருவர் நின்றிருந்தார். மேனேஜர் பரமசிவம். இவர்களைப் பார்த்ததும் படியிறங்கி எதிரே வந்தார்.

"காலேஜ் பசங்களா?"

"ஐயையோ, இல்லீங்க!" அர்ஜுனன் இரண்டு கையையும் ஆட்டினான். "அந்த மாதிரி ஆளுங்க இல்லீங்க நாங்க. சேர்வராயர் கோயிலுக்கு வந்தவங்க."

மேனேஜர் முகம் தொங்கிப் போயிற்று. "ஓகோ... எந்த ஊரு?"

"காஞ்சிபுரம்."

ஊரைச் சொன்னது தப்பாகப் போயிற்று. உள்ளேயிருந்து அவர் மனைவி பட்டம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"காமாட்சி அம்மன் ஊருங்களா! மார்கழி மாசத்துல தேடி வந்திருக்கீங்க! நாளைக்கு விடியக்காலம் மலைக்கோயிலுக்குப் பஜனை போறோம். நீங்கதான் பாடிக்கிட்டு முன்னால வரணும்."

இருவருக்கும் தெரிந்த பாட்டெல்லாம் டென்ட் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கிக் கற்றவை. குமாரவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அர்ஜுனன் அவன் காலை மிதித்தான்.

"இவரு பிரமாதமாப் பாடுவாரும்மா. ஆனா மௌன விரதத்துல இருக்காரு. மலை எறங்கற வரைக்கும் பேச மாட்டாரு."

"அப்ப நீங்க?"

"நான் ஜால்ரா மட்டுந்தாம்மா."

பட்டம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இந்த வயசுல விரதமா! சாப்பாடெல்லாம் எப்படி?"

அர்ஜுனனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பொய் பலித்துவிட்டால் அதற்குத் துணையாக இன்னொன்றையும் அனுப்பி வைப்பான். "ஒரு வாழப்பழம், ஒரு டம்ளர் பாலு. அதுக்கு மேல தொடவே மாட்டாரு."

மத்தியானம் அர்ஜுனன் இலையில் கத்தரிக்காய் வற்றல் குழம்பு, பொரித்த அப்பளம், ஆவி பறக்கும் ரசம். குமாரவேலுக்கு முன்னால் ஒரு தட்டில் மலை வாழைப்பழம், கட்டை விரல் அளவுக்கு. அதையும் பட்டம்மாள் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

அறைக்குள் கதவைச் சாத்தியதும் குமாரவேல் பற்களைக் கடித்தான். "உன்னைக் கொன்னுடுவேன்டா! பசி உயிர் போவுது. குளிரு வேற."

"கத்தாதடா, மௌனம்! அப்புறம், அந்த ஸ்வெட்டரையும் சட்டையையும் கழட்டு. சாமியாருக்கு ஸ்வெட்டர் நல்லாவா இருக்குது?"

கழற்றிய ஸ்வெட்டரை வீணாக்காமல் அர்ஜுனன் போட்டுக்கொண்டான்.

ஏரியையாவது பார்க்கலாம் என்று வெளியே வந்தால் வாசலில் கூட்டம். காஞ்சிபுரத்திலிருந்து மௌனசாமி ஒருவர் வந்திருக்கும் சேதி அதற்குள் கடைத்தெரு வரை போய்விட்டது. காப்பித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை முதல் ஆளாகக் கும்பிட்டார்.

"சாமி, எனக்கு இந்த வருஷமாவது பிரமோஷன் வருமா?"

வெறும் மேலில் ஒரு துண்டோடு நின்ற குமாரவேலுக்கு மூக்கு அரித்தது. "ஹச்! ஹச்!" என்று தும்மினான்.

"ரெட்டைத் தும்மல்!" என்று கூட்டம் ஆரவாரித்தது. "வந்திரும், கண்டிப்பா வந்திரும்!" கணக்குப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த அம்மாள் மகளின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். குமாரவேல் தும்மினான். ஒன்றே ஒன்று.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருந்தது. அது வரவில்லை. அந்த அம்மாளின் உதடு துடித்தது. குமாரவேலுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. அவனும் வானத்தைப் பார்த்தான், சூரியனைத் தேடினான், மூக்கைச் சுருக்கினான். பலனில்லை.

அர்ஜுனன் சும்மா இருப்பானா? முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகில் கொஞ்சம் அள்ளிக் கல்லில் நசுக்கி, திருநீறு பூசுகிற பாவனையில் நண்பனின் மூக்குக்குக் கீழே தடவினான்.

அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, சேலம் ஜில்லாவில் உள்ள பெண்கள் அத்தனை பேருக்கும் கல்யாணம் ஆகிற அளவுக்குக் குமாரவேல் தும்மினான். பொழுது சாய்கிறவரை நிற்கவில்லை. ஏரியை யாரும் பார்க்கவில்லை.

விடியற்காலையில் பஜனை கிளம்பியது. விரதக்காரர் என்பதால் குமாரவேலுக்குச் செருப்பும் கிடையாது. வேட்டியும் துண்டுமாக, நடுங்கும் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நடந்தான். திரும்பிப் பார்த்தான். பாடுகிறவர்கள் வாயிலிருந்தெல்லாம் வெள்ளை வெளேரென்று புகை வந்துகொண்டிருந்தது. அர்ஜுனன் ஜால்ராவைத் தட்டிக்கொண்டே, "ஆகா! ஓகோ! என்னா குளிரு!" என்று தேவையே இல்லாமல் பேசிப் புகை விட்டான். இத்தனை தூரம் இதற்காகவே வந்த ஒருவன் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தான்.

கோயில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கால் கட்டைவிரல் ஒரு கல்லில் மோதியது.

"ஐயோ, அம்மா!"

முகத்துக்கு முன்னால் ஒரு பெரிய புகை மண்டலம் எழுந்தது. குமாரவேலுக்கு வலி மறந்துவிட்டது. "வந்திச்சுடா! அர்ஜுனா, பொகை வந்திச்சுடா!" என்று ஒற்றைக் காலில் குதித்தான்.

பாட்டு நின்றது. அத்தனை கண்களும் அவன்மேல்.

"அம்மன், அம்மன்!" என்று அர்ஜுனன் முந்திக்கொண்டான். "காமாட்சி அம்மனைத்தான் கூப்பிட்டாரு. ஓமப் பொகை தெரிஞ்சிருக்குது அவருக்கு!"

பட்டம்மாளுக்குப் புல்லரித்தது. இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். "அம்மனே வந்து விரதத்தை முடிச்சு வெச்சுட்டா! இனிமே என்ன தடை? பாடுங்க சாமி, நாங்க கேக்கிறோம்!"

கூட்டம் தரையில் உட்கார்ந்துவிட்டது. குமாரவேல் அர்ஜுனனைப் பார்த்தான். அர்ஜுனன் ஜால்ராவைப் பார்த்தான். முதல்முறையாக அவனுக்கு அடுத்த பொய் கிடைக்கவில்லை. ஜால்ராவைப் பக்கத்திலிருந்தவர் மடியில் வைத்துவிட்டு, "வந்துர்றோம்" என்று சொல்லிக் குமாரவேலை இழுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். கொஞ்ச தூரம் நடை, பிறகு ஓட்டம்.

சத்திரத்தில் பையை எடுத்துக்கொண்டு இருவரும் வாசலுக்கு வந்தபோது, கேட்டை மறித்தபடி வாட்ச்மேன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க சாமி, இம்புட்டு வேகமா?"

அர்ஜுனன் வாயைத் திறந்தான். குமாரவேல் அவன் வாயைப் பொத்தினான். ஒரு நாள் முழுக்க அடைபட்டுக் கிடந்த பேச்செல்லாம் மடையாகக் கொட்டியது.

"அண்ணே, எங்கள உட்டுருங்க! நான் சாமியும் இல்ல, பூதமும் இல்ல. காஞ்சிபுரத்துல காலேஜ் படிக்கிற பசங்க. லாட்ஜுக்குக் காசில்ல. காலேஜ்னு சொன்னா தொரத்திடுவீங்கன்னு பயந்துக்கினு பொய் சொல்லிட்டோம். நேத்துலேர்ந்து ஒரு வாழப்பழந்தாண்ணே சாப்பிட்டேன்!"

வாட்ச்மேன் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடப் பாவிங்களா! கட்டிலு, கம்பளி, மூணு வேளைச் சோறு, ஏரியில படகு எல்லாம் சும்மாக் குடுக்கிறோம்னு சொல்லியும் ஒருத்தனும் வரலியேன்னு எங்க மேனேஜரு தெனமும் வாசல்ல நின்னு ஏங்குறாரு. இந்தச் சத்திரத்தைக் கட்டினதே மலை பாக்க வர்ற காலேஜ் பசங்களுக்காகத்தாங்க தம்பி!"