மாமனார் வயலில் நான் பிடித்த நண்டு

புது மாப்பிள்ளை என்ற மரியாதையை நம்பி ஒரு மனிதன் கெட்டுப்போக முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும் என்பேன். நான் கெட்டேன். அதுவும் கல்யாணக் கரைவேட்டியோடு.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். பாம்பன்காரனான என்னையும் என் அம்மாவையும், என் மனைவி வள்ளியின் அய்யா, அபிராமத்துப் பக்கம் இருந்த தன் ஊருக்கு அழைத்திருந்தார். "சும்மா வயக்காட்டுல காத்தாட உக்காந்து, சாப்பிட்டு வருவோம் மாப்பிள்ளை" என்றார். புளிச்சோற்றுத் தூக்குவாளியும் ஜமக்காளமுமாக, வள்ளியும் சேர்த்து நாலு பேரும் கிளம்பினோம்.

எங்கள் ஊரில் தண்ணீருக்குக் குறைவில்லை, நெல்தான் விளையாது. (விளைந்தால் சோற்றுக்கு உப்புச் செலவு மிச்சம்.) பச்சை வயலைப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்தது உண்மைதான். ஆனால் கடற்கரையில் பிறந்தவன் கண் பயிரிலா நிற்கும்? வரப்பில் ஒரு வளை தெரிந்தது. அதன் வாசலில் இரண்டு கொடுக்குகள்.

"அம்மா, நண்டு!"

"விட்றாதடா!" என்றார் அம்மா. அவருக்கும் அதே ஊர் நாக்குதானே.

குச்சியால் குடைந்தேன். நண்டு உள்ளே போனது. முழங்கை வரை கையை விட்டு மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். கடைசியில் அதைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி, "மாமா, பாத்தீகளா!" என்று கூவினேன். மாமனார் நண்டைப் பார்க்கவில்லை. என் காலடியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. நானும் குனிந்து பார்த்தேன். வரப்பு உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மாமனார் பின்பட்டத்தில், மற்றவர்களுக்குப் பிந்தி விதைத்தவர்; அவர் பயிர் இன்னும் பச்சை. அவர் வயலுக்கு அன்று காலையில்தான் கண்மாய்த் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாளின் பள்ள வயல். அங்கே அறுத்த கதிர் காய்வதற்காகத் தரையோடு கிடந்தது. நனைந்து கிடந்தால் நெல் முளைத்துவிடும். அந்தக் குடும்பத்துக்கு வருஷம் முழுவதும் கஞ்சி அதுதான்.

புது மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது என்பது அந்த ஊர் முறை. மாமனார் பல்லைக் கடித்தார். பிறகு என் கையில் இருந்த நண்டைப் பார்த்து, "சனியம் பிடிச்ச நண்டே! கூறு இருக்கா ஒனக்கு? வெளைஞ்ச காட்டுல வரப்பை நோண்டலாமா?" என்று கத்தினார். (நண்டு கொடுக்கை ஆட்டியது. நான் தலையை ஆட்டினேன்.)

அதற்குள் பேச்சியம்மாள் ஓடி வந்துவிட்டாள். "எவன்டா அவன், எங்கஞ்சியில மண்ணள்ளிப் போட்டவன்?"

"நம்ம மாப்பிள்ளை, ஆத்தா..." என்று கெஞ்சினார் மாமனார்.

"ஒனக்குத்தானய்யா மாப்பிள்ளை, எனக்கென்ன?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஏலே, மரமாட்டம் நிக்கிற! ஒடைப்புல உக்காருலே!"

உட்கார்ந்தேன். உடைப்பை முதுகால் அடைத்துக்கொண்டு, மார்பளவு சேற்றில். தண்ணீர் நின்றது. என் அம்மா, வள்ளி, மாமனார் மூவரும் பேச்சியம்மாளோடு சேர்ந்து, கதிரை அள்ளி அள்ளி மேட்டில் போட்டார்கள். நண்டு எப்போதோ என் விரலைக் கடித்துவிட்டுப் போயிருந்தது. வள்ளி சுமையோடு என்னைக் கடக்கும்போதெல்லாம், "நான் சிரிக்கலைங்க" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிப் போனாள். எனக்கோ அழுகை வந்தது. ஒரு குடும்பத்தின் சோறு என் முதுகை நம்பி இருந்ததே!

நல்லவேளை, ஓரத்துக் கதிர்கள் மட்டும்தான் நனைந்தன. அதற்கு ஈடாக மாமனார் தன் வீட்டில் இருந்த நெல்லைக் கொடுத்தார். சாகும் வரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

மறு வருஷமும் வரப்பு அதே இடத்தில் உடைந்ததால், கல்லை வைத்து, தண்ணீரை அடைக்கவும் திறக்கவும் அங்கே ஒரு மடையே கட்டிவிட்டார்கள். ஊரில் அதற்கு 'மாப்பிள்ளை மடை' என்று பெயர். என் மகன் வளர்ந்து ஒருமுறை அங்கே போனவன், யாரோ தர்மவான் என்று நினைத்து, "இந்த மடையைக் கட்டின மாப்பிள்ளை யாரு?" என்று பேச்சியம்மாளிடமே கேட்டிருக்கிறான்.

"அவரு எங்கன கட்டுனாரு?" என்றாளாம் கிழவி. "ஒரு மத்தியானம் பூராவும் அவருதான்யா மடை!"