வல்லிபுரம் காரைச் சாகடித்த நாள்

உலகத்தில் எது போனாலும் போகட்டும், காரை மட்டும் விடுவதில்லை என்று வல்லிபுரம் அன்று காலை முடிவு கட்டினான். கார் நின்ற மாட்டுத் தொழுவத்துக்குள் போய் நின்றுதான் முடிவு கட்டினான். வீட்டுக்குள் முடிவு கட்டும் வழக்கம் அவனுக்கு இல்லை. அங்கே அந்த வேலை அவன் மனைவி அன்னப்பூரணியுடையது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. குருக்கள்மடத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியேறுபவன். வல்லிபுரம் வரும்போது ஒரு சோடி எருது கொண்டுவந்தான். அந்த எருதுகளை விற்ற காசில்தான், கப்பலேறி ஊருக்குப் போன தென்னந்தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து இந்த அமெரிக்கக் காரை வாங்கினான். வளவில் தென்னை அவளுடையது, கிணறு அவளுடையது, தென்னை நிழல்கூட அவளுடையது. கார் ஒன்றுதான் அவனுடையது.

கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் வாடகைக்கு ஓட்டிப் பெரிய பணக்காரனாவது திட்டம். ஓடியது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஓடிய தூரத்தைவிடத் தள்ளிய தூரம் அதிகம், அவ்வளவுதான். ஆட்கள் ஏறும்போதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். வாவிக்கரையில் அது வெடித்து நின்றால் கொக்குகள்கூட எழும்புவதில்லை, பழகிவிட்டன. வல்லிபுரம் சளைக்கவில்லை. எஞ்சின் மூடியான பொனட்டைத் திறப்பான். பெற்றோல் வருகிறதா, பொறி வருகிறதா என்று நாடி பிடிக்கும் பரிசாரியைப் போல ஒவ்வொன்றாகப் பார்ப்பான். பிளக்கைக் கழற்றிக் கரி துடைப்பான். காபரேட்டரை வாயால் ஊதுவான். பக்கத்தில் விளக்குப் பிடிப்பவள் அன்னப்பூரணி. அவள் பிடித்துக்கொண்டு நிற்க, எது எதற்கென்று அவன் வாய் ஓயாமல் பாடம் நடத்தும்.

அதற்கு முதல்நாள் அந்தியில் அவள் சோறு போட்டபடி பேச்சை எடுத்தாள்.

"இஞ்சாருங்க, காத்தான்குடி அசனார் காக்கா நாளைக்குக் காலத்தால காரைப் பாக்க வாறாராம்."

"பாத்து?"

"பிடிச்சா எடுப்பார்."

"நான் குடுக்க மாட்டன்!"

"ஓம், உங்கட கார். உங்கட வாயால குடுத்தாத்தானே அவர் எடுக்கலாம்? நான் என்ன சொன்னன்?"

அவள் இவ்வளவு தேனாகப் பேசிய நாளெல்லாம் அவனுக்கு நட்டம்தான் வந்திருக்கிறது. அதை அவன் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

ஓடாத காரை எவன் வாங்குவான்? இதுதான் அவன் கண்ட வழி. காலையில் அவள் கிணற்றடிக்குப் போன நேரம், தேங்காய்த் தும்பை நனைத்து உருட்டி, கம்பால் புகைக்குழாய்க்குள் இறுக்கித் தள்ளினான். புகை போக வழியில்லாவிட்டால் எஞ்சின் மூச்சடைத்துப்போகும். பெற்றோல் வரும், பொறி வரும், கார் மட்டும் எழும்பாது. சொந்தக் காரின் மூச்சைத் தானே அடைக்கிறோமே என்று அதன் முதுகை ஒருமுறை தடவிக் கொடுத்தான். மனதைத் தேற்றிக்கொண்டு வாவியில் குளிக்கப் போனான்.

அசனார் நெல் வியாபாரி, எல்லோருக்கும் அண்ணன் முறையில் காக்கா, சாதுவான மனிதர். ஒரு சோடி எருதோடு வந்து சேர்ந்தார். கார் பார்க்க வருகிறவருக்கு எருது எதற்கு என்று கேட்க வல்லிபுரத்துக்குத் தோன்றவில்லை.

"ஓடுதா தம்பி?"

"நீங்களே பாருங்க காக்கா!"

பெற்றோலைக் காட்டினான். பொறியைக் காட்டினான். முன்னால் கம்பியைச் செருகி, தோள் கழலச் சுற்றினான். கார் ஒரு செருமல்கூடச் செருமவில்லை.

"உசிர் போயிட்டுது காக்கா. சும்மா தந்தாலும் ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க."

"உண்மையாவா?"

"பிள்ளையார் சாட்சி! வேணுமெண்டா நீங்களே சும்மா கொண்டு போங்க!"

அசனாரின் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! எனக்கு எஞ்சின் தேவையில்ல தம்பி. நெல்லு வண்டிலுக்குப் பூட்ட றப்பர் ரயர் சில்லுதான் தேடுறன். ஓடுற காரை உடைக்க மனசு வராதெண்டு அன்னப்பூரணி தங்கச்சிக்கிட்டயும் சொன்னன். இப்ப மனசு ஆறிட்டுது."

அடுத்த கணம் வல்லிபுரம் காரின் பின்னால் ஓடி, மண்ணில் குப்புற விழுந்தான்.

"நில்லுங்க காக்கா! இதுக்குள்ள தும்பு கிடக்கு! நான்தான் வெச்சன்! எடுத்தா ஓடும்!"

கம்பியை விட்டுக் குடைந்தான். குழாய் துப்புரவாக இருந்தது. ஒரு நார்கூட இல்லை. எழும்பிவந்து சுற்றினான், மறுபடி சுற்றினான். கார் பிணம்போலக் கிடந்தது.

"பாவம், பாசம் வெச்சிட்டார்," என்று அசனார், கிணற்றடியிலிருந்து வந்து நின்ற அன்னப்பூரணியிடம் மெல்லச் சொல்லிவிட்டு எருதுகளைப் பூட்டினார்.

வாசல் படலையைத் தாண்டும்போது கார் ஒருமுறை குலுங்கியது. வல்லிபுரத்துக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டு அழுதான். தன் எருதுகளை விற்ற அன்று அழாததையும் சேர்த்து அழுதான். அவற்றையும் விற்று, இதையும் இழந்து, இனி அந்த வளவில் தன்னுடையதென்று சொல்ல இடுப்பு வேட்டிதான் மிச்சம் என்று நினைத்து, அந்த வேட்டித் தலைப்பிலேயே மூக்கைத் துடைத்தான்.

அன்னப்பூரணி தேத்தண்ணியோடு வந்தாள்.

"தும்பு எங்ககா போச்சு?"

"நீங்க வெச்சதக் கிணத்தடியில நிண்டு பாத்தன். குளிக்கப் போனநேரம் நான்தான் எடுத்தன்."

"அப்ப ஏன் ஓடல்ல?"

"பிளக்குக் கம்பி நாலையும் மாத்திக் கொழுவிட்டன். பொறி வரும், முறை தப்பி வரும். விளக்குப் பிடிக்கக்குள்ள நீங்க சொல்லித்தந்ததுதானே?"

"தும்பு கிடந்தாலும் ஓடாதுதானே! அத எடுத்துப்போட்டுக் கம்பிய ஏன் மாத்தினநீ?"

"அது நீங்க வெச்சது. மனசு மாறினா எடுத்துப்போட்டு ஓட்டிக் காட்டிருவீங்க."

மனசு மாறியது உண்மை.

"சும்மா குடுத்திட்டனே, அன்னம்..."

"சும்மா குடுக்க நான் விடுவனா? காரை இழுத்துட்டுப் போச்சே, அந்தச் சோடி அந்திக்குக் கிறுகி வரும். காருக்குப் பதிலா எருதெண்டு காக்காவோட எப்பவோ பேசி வெச்சிட்டன். இனி அது உங்கட."

வல்லிபுரம் வாய் திறந்தபடி தேத்தண்ணியை வாங்கினான். அவள் போகிற போக்கில் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன். வயல் உழக்குள்ள அதுகள் படுத்துதெண்டா, பொனட்டைத் தேடாம வைக்கலப் போடுங்க."