மீசை வைத்த அரிசி

எனக்கு வியாபார மூளை உண்டு என்று நான் நம்பியது மொத்தம் மூன்று நாள். நான்காம் நாள் மன்னார்குடியில் பாரம்பரிய நெல் கண்காட்சி.

அரிசி என் மனைவி மலர்விழியுடையது. ஒரத்தநாடு பக்கம் அவள் அப்பாவின் நிலத்தில், மருந்தடிக்காமல், முதல்முறையாக மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் விளைவித்திருந்தாள். "இது வித்தாத்தான் அடுத்த போகத்துக்கு நெலம்" என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கு அதைவிட. யாரும் கேட்காமலே விளம்பரப் பொறுப்பை ஏற்றேன்.

மாப்பிள்ளைச் சம்பாவுக்கு நீலத் துணிப்பை, முறுக்கு மீசை, 'ஆண்மை பெருக! ஆண்களுக்கு மட்டும்!' பூங்காருக்கு ரோஸ் பை, தொட்டில் படம், 'கர்ப்பிணிகளுக்கு மட்டும்!'

"அரிசிக்கு எதுக்குங்க மீச? வீட்டுல எல்லாருக்கும் ஒரே சோறுதானே?" என்றாள் மலர்விழி.

"உனக்கு மார்க்கெட்டிங் தெரியாது" என்றேன். (அன்றே கரண்டியால் ஒன்று போட்டிருக்கலாம்.)

அவள் சோறு வடித்துக்கொண்டு மதியம் வருவதாக ஏற்பாடு. காலையில் நான் மட்டும் கடையில். ஆண்கள் வந்தார்கள், நீலப் பையை எடுத்தார்கள், படித்தார்கள், சுட்டதுபோல் கீழே வைத்தார்கள். சம்பந்தி, மச்சான், பங்காளி எல்லாரும் சுற்றுகிற இடத்தில் எவன் அதை வாங்குவான்? ஒருவர் மட்டும் காதோரம் வந்து, "பேப்பர்ல சுத்தித் தருவீங்களா?" என்றார். பேப்பர் தேடுவதற்குள் ஆளைக் காணோம். ரோஸ் பையைத் தொட்ட புதுப்பெண்ணிடம் பக்கத்தில் நின்ற அம்மாள், "என்னடி, விசேஷமா?" என்று சத்தமாகக் கேட்க, அவளும் ஓட்டம். நான் பைகளை மாற்றி மாற்றி அடுக்கினேன். கடையைச் சுற்றி நடந்தேன். ஆறு டீ குடித்தேன்.

அப்போதுதான் மாமனார் வந்தார். குறையாத குவியலைப் பார்த்தார். நீலப் பையைத் தூரமாகப் பிடித்து, பந்தலுக்கே கேட்கும்படி படித்துவிட்டு, "மாப்ள, இத நீங்க சாப்புடுறீங்களா?" என்றார்.

ஆம் என்றாலும் மானம் போகும். இல்லை என்றாலும் போகும்.

"எப்பவாச்சும்..." என்றேன். பந்தலே சிரித்தது.

மலர்விழி இரண்டு தூக்குவாளியோடு வந்து சேர்ந்தாள். பைகளைக் கொட்டி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மறுபடி அரிசியை நிரப்பினாள். வாழையிலைத் துண்டுகளில் ஒவ்வொரு கை சோறு வைத்து, "யாரு வேணா வாங்க, தின்னு பாருங்க" என்றாள். பொழுது சாய்வதற்குள் குவியல் தீர்ந்தது. கடைசிப் பையை எடுத்துக்கொண்ட மாமனார், "அடுத்த போகமும் இதையே போடும்மா" என்றார்.

வருஷங்கள் ஓடியும் நிரப்பாத பைகள் இன்னும் வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தினமும் என் சாப்பாடு ரோஸ் பையில்தான் அலுவலகம் போகிறது. "நல்ல கெட்டித் துணிங்க, வீணாக்கலாமா?" என்பாள் மலர்விழி.

வாசலில் காவலாளி தொட்டில் படத்தைப் பார்த்து, "எத்தனாவது மாசம் சார்?" என்று கேட்காத நாளில்லை.

"ஏழாவது வருஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.