பானெட்டுக்கு அடியில் ஓர் அழகு நிலையம்

ஸ்ப்ரே டப்பாக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர் பெயிண்டர் அல்ல. பெயிண்டருக்கு வேலை தெரியும். மெக்கானிக்கும் அல்ல, மெக்கானிக் எதையும் அழகுக்காகக் கழற்றமாட்டார். வாரம் முழுக்க அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே குனிந்திருந்துவிட்டு, விடுமுறை நாள் காலையில் காரின் பானெட்டைத் திறந்து, யார் கண்ணிலும் படாத இடத்துக்கு அலங்காரம் செய்கிறவர் இவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். வலது கை ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் வேறு நிறத்தில் இருக்கும்.

எனக்குச் சிவப்பு.

யாரையோ சொல்வதுபோல ஆரம்பித்தேன், ஒரு பத்திக்கு மேல் தாங்கவில்லை. கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றத்தான் அன்று பானெட்டைத் திறந்தேன். என்ஜினின் தலைமேல் ஓர் உலோக மூடி உண்டு. வருடக்கணக்காக எண்ணெயும் தூசியும் படிந்து, அடிப்பிடித்த பாத்திரம்போல உட்கார்ந்திருந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பார்த்துத் தொலைத்துவிட்டேனே! மாலையில் போனில் ஒரு வீடியோ அகப்பட்டது. அதில் ஒரு மனிதர் அதே மாதிரி மூடியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, புஸ் புஸ்ஸென்று அடித்து, திரும்ப மாட்டிவிட்டுக் கைகளை விரித்துக் காட்டினார். கையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அந்தக் கையை நம்பினேன்.

கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எங்கள் இனத்தார் யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை. சும்மா, வீட்டு வேலை என்றேன். அலமாரிக்கும் இரும்புக் கேட்டுக்கும் அடிக்கிற டப்பாக்களை எடுத்துவைத்தார். சூடு தாங்கும் பெயிண்ட் ஒன்றையும் நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த அளவுக்கு விவரம் இருந்தது. அந்த அளவோடு நின்றுபோனதுதான் வினை.

என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். அவள் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆகப்போகிறது. வியாழக்கிழமை கண் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள், நம் காரில்தான் அழைத்துவர வேண்டும், அதற்குள் வண்டி வண்டியாகிவிடுமா? ஒரு நாள் வேலை என்றேன். அவள் நாள்காட்டியில் வியாழக்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மூடி, காற்று வடிகட்டியின் பெட்டி, பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை, புகைக்குழாயின் சூட்டை மறைக்கும் தகடு என்று ஒவ்வொன்றாகக் கழன்று, சாப்பாட்டு மேஜையில் இளைப்பாறி, பால்கனியில் துணி காயப்போடும் கொடியில் கம்பி கட்டித் தொங்கின. டப்பாவைக் குலுக்கினால் உள்ளே ஒரு குண்டு கடகடவென்று உருளும். அந்தச் சத்தம் கேட்டாலே, ஏதோ பெரிய காரியம் செய்கிறோம் என்று மனிதனுக்குத் தோன்றிவிடுகிறது. தேவைக்கு மேலேயே குலுக்கினேன்.

மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்த பிறகு இன்னொன்று என்பது விதி. முதல் பூச்சுக்கு அடியில் பழைய சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும்போது யாருக்குப் பொறுமை இருக்கும்? இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். இன்னும் கொஞ்சம். சிவப்பு திரண்டு மெதுவாக இறங்கி, மூடியின் கீழ் ஓரத்தில் சொட்டாக நின்றுவிட்டது. பார்க்காதவன்போலத் திரும்பிக்கொண்டேன். பிறகு காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன். காயவில்லை. இப்போது அதில் என் விரல் ரேகையும் இருந்தது.

காற்று வேறு. பக்கத்தில் காய்ந்த படுக்கை விரிப்புக்கு அம்மை போட்டுவிட்டது. மனைவி அதை மடித்து, அன்று முதல் கட்டிலில் என் பக்கத்தில் மட்டும் விரித்தாள்.

தகட்டின் முறை வந்தபோது சூடு தாங்கும் டப்பா ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. அருகில் அலமாரி டப்பா இருந்தது. அதே சிவப்பு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அடித்தேன்.

ஒரு நாள் வேலை புதன்கிழமை மாலை முடிந்தது. அதன் பிறகு எங்கள் இனத்தார் செய்வது என்ன? பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தெருவில் நிற்பதுதான். ஆயில் பார்க்கிறேன் என்றபடி தபால்காரரை நிறுத்தினேன், பக்கத்து வீட்டு டீச்சரை நிறுத்தினேன். 'நல்லா இருக்கு சார்' என்று சொல்லாமல் ஒருவரும் தப்பவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே ஒரு வாடை வந்தது. புது பெயிண்ட் அப்படித்தான் என்றேன். திரும்பும்போது பின்சீட்டில் மாமனார், கறுப்புக் கண்ணாடியோடு. அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். தூசி, புகை எதுவும் கண்ணில் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சாலையில் நெரிசல். வண்டி ஊர்ந்து ஊர்ந்து நின்றது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து புகை கிளம்பி, காற்றுத் துளை வழியாக உள்ளேயும் வந்தது.

"புது பெயிண்ட்னா கொஞ்சம்…" என்று ஆரம்பித்தேன்.

"அப்பா கண்ணு," என்றாள் மனைவி.

வண்டியை ஓரங்கட்டினேன். அவள் துப்பட்டாவால் அப்பாவின் முகத்தைப் பொத்தி, கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கூட்டிப்போனாள். பானெட்டைத் தூக்கினால், தகட்டின் சிவப்பு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிக் கருகிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. வண்டியை அணைத்து ஆறவிடச் சொன்னார்கள். அப்போது ஹெல்மெட்டைக் கழற்றியபடி எட்டிப்பார்த்த ஒருவர், மூடியைக் காட்டி, நல்லா இருக்கே, எங்கே கொடுத்து அடித்தீர்கள் என்று கேட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"வீட்டுலயேதான்," என்றேன். எந்த உப்புத்தாள், எத்தனை பூச்சு என்று விளக்கிக்கொண்டே போய், அடிப்பூச்சான பிரைமர்வரை வந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது எதிர்ப்பக்கம் ஒரு வாடகைக் கார் நின்றிருந்தது. மாமனார் உள்ளே ஏறியாகிவிட்டது. மனைவி கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"நீங்க சொல்லி முடிச்சிட்டு வாங்க," என்றாள். கார் போய்விட்டது.

திட்டியிருந்தால் தேவலை. அன்றும் மறுநாளும் வீட்டில் என்னோடு பேசியது பிரஷர் குக்கர் மட்டும்தான். மாமனாரின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் போனில் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. தகட்டைக் கழற்றி, உட்கார்ந்து உட்கார்ந்து சுரண்டி, வெறும் இரும்பாகவே திரும்ப மாட்டினேன்.

அப்போது, எங்கள் வீட்டில் தங்கியிருந்த மாமனார் வாசலுக்கு வந்தார். எல்லாரும் பேசுகிற அந்த என்ஜினைத் தானும் பார்க்க வேண்டும் என்றார். கறுப்புக் கண்ணாடியை இறக்கி, புதுக் கண்ணால் மூடியை இடமிருந்து வலமாக வரி வரியாகப் படித்தார்.

"கீழ ஓரத்துல ஒரு சொட்டு நிக்குது மாப்பிள்ளை," என்றார். "அப்புறம் இது… உங்க விரல் ரேகைதானே?"

பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். மனைவி கதவில் சாய்ந்து, அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். அந்தச் சொட்டு வாழ்க!

இதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? மறுநாள் மாமனார் தன் கைத்தடியைக் கொண்டுவந்து, டப்பாவில் மிச்சம் ஏதாவது இருக்குமா என்று மெதுவாகக் கேட்டார். பால்கனியில் இருவரும் குலுக்கிக்கொண்டிருக்கும்போது மனைவி வந்தாள். தொலைந்தோம் என்று டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவள் கையில் சமையலறை ஸ்டூல் இருந்தது. கால் மட்டும்தான் மங்கியிருக்கிறதாம்.

ஆகவே, ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கண் ஒருமுறை பக்கத்தை விட்டு எழுந்து, ஜன்னல் கம்பியிலோ மின்விசிறியின் இறக்கையிலோ போய் நின்றதே, அதை நான் கவனிக்காமல் இல்லை.

என்ன நிறம் அடிப்பதாக உத்தேசம்?