பொடிக் கட்சி

இனி என் தொண்டையில் இங்கிலீஷ் மாத்திரை இறங்காது என்று நான் சபதம் செய்தது, மட்டன் குழம்பும் சோறும் வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஏப்பமும் சபதமும் ஒன்றாகத்தான் வந்தன.

என் பேர் மருதாசலம். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். முட்டைக்கோழி. பண்ணையில் நான் சொன்னதுதான் சட்டம். கோழிகள் இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. வீட்டில் என் மனைவி கோகிலவாணி சொன்னதுதான் சட்டம். நானும் எதிர்த்துப் பேசியதில்லை.

சபதத்துக்குக் காரணம் சர்க்கரை. காலில் முள் குத்திய புண் ஒன்று ஆறாமலே கிடந்தது. கோகிலா என்னைத் திருச்செங்கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சௌமியாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கரும்பாலையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். மாத்திரை எழுதினார். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்றார். புண்ணை அலட்சியம் செய்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார். விரல் என்றதும் பயம் வந்தது. வாழ்நாள் முழுக்க என்றதும் கோபம் வந்தது. கோபம்தான் முதலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கோகிலாவுக்கும் அன்றைக்கே ரத்தம் எடுத்திருந்தார்கள். திரும்பும் வழியில், தனக்கும் சர்க்கரையாம், கிட்டத்தட்ட என் அளவுதானாம் என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது பாருங்கள்.

இதற்குள் என் செல்போன் வேலையைக் காட்டியிருந்தது. ஏதோ இயற்கை மருத்துவக் குழுவில் யாரோ என்னைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஒரு வீடியோவில் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்றார் ஒருவர். அடுத்த வீடியோவில் அரிசிதான் கிட்னியைத் தின்னும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், சர்க்கரை என்று ஒரு நோயே கிடையாது, அதற்கு என்னிடம் அருமையான மருந்து இருக்கிறது என்றார். மூன்று பேரையும் நான் நம்பினேன். எப்படி முடிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

நேராக வெள்ளியங்கிரியின் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கொல்லிமலை வேர், பட்டை, இலை எல்லாம் சேர்த்து இடித்த பச்சைப் பொடி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். நாக்கில் வைத்தால் பெற்றவர்கள் பேர்கூட மறந்து போகிற கசப்பு. இவ்வளவு கசக்கிற பண்டம் நல்லது செய்யாமலா போகும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அறிவித்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடப் 'போடி' என்று சொல்லத் துணியாத நான், அன்றைக்கு அவள் முகத்தை நேராகப் பார்த்துப் 'பொடி' என்றேன்.

பெரிய சண்டை வரும் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, போன வருசம் ஒருத்தரு புதுத் தீவனம் கொண்டாந்தாரே, அதைய எல்லா ஷெட்டுக்குமா போட்டீங்க?"

"அதெப்புடிப் போடுவேன்? ஒரு ஷெட்டுக்குப் புதுசு, பக்கத்து ஷெட்டுக்குப் பழசு. எதுல முட்டை கூடுதுன்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுனேன்."

"கோழிக்கே அப்புடிப் பாக்கறீங்க. நம்முளுக்கும் பாத்துரலாமுங்க. ஒரே ஊடு, ஒரே சோறு, ஒரே சக்கரை. நீங்க பொடி தின்னுங்க, நான் மாத்திரை திங்கறேன். ஒரு மாசம் கழிச்சு ரத்தம் பாக்கலாம். தோத்தவங்க செயிச்சவங்க மருந்துக்கு மாறிக்கோணும்."

என் பண்ணை விஞ்ஞானம் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒப்புக்கொண்டேன். சோதனை என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

மறுநாள் சோதனை தொடங்கியது. மாத்திரை டப்பாவை அவள் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டுகிற அலமாரித் தட்டில் வைத்தாள். காலையில் இட்டிலிக்கு அப்புறம் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று என்று ஒவ்வொரு வேளையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் விழுங்குவாள். மறதிக்காரி, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். நான் பொடியை வெந்நீரில் கலக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கட்சிக்காகக் குடித்தேன்.

முதல் வாரக் கடைசியில் வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தோம். அவளுக்குத் தங்கம் போல இருந்தது. எனக்கு முன்னைவிட ஏறியிருந்தது. புண்ணைச் சுற்றிலும் சிவந்து, சூடாகவும் இருந்தது. அவள் புண்ணைத் துடைத்து, டாக்டர் கொடுத்த களிம்பைப் போட்டுக் கட்டிவிட்டாள். களிம்பு வெளியில் போடுவதுதான், சபதம் தொண்டைக்கு மட்டும்தான் என்று நானும் விட்டுக்கொடுத்தேன்.

வெள்ளியங்கிரியிடம் ஓடினேன். பொடியின் அளவைக் கூட்டச் சொல்வார் என்று பார்த்தால், மாத்திரையை விடாமல்தானே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். விட்டாயிற்று என்றேன். மனுஷனுக்கு முகமே வெளுத்துவிட்டது. மாத்திரையை நிறுத்தச் சொல்லித் தான் யாரிடமும் சொன்னதில்லை என்றும், தயவுசெய்து டாக்டரம்மாவைப் போய்ப் பாருங்கள் என்றும் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் கட்சிக்காகக் கொடி பிடித்தேனோ, அந்தக் கட்சித் தலைவரே எதிர்க்கட்சிக்கு ஓட்டுக் கேட்கிறார்.

விரலை இழக்க முடியாது. கோகிலாவிடம் தோற்கவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தபோதுதான் அந்தத் திட்டம் உதித்தது. அவள் துணி காயப்போட மாடிக்குப் போகிற நேரம் பார்த்து, அவள் டப்பாவிலிருந்தே மாத்திரையை எடுத்து விழுங்குவது. அளவு தெரியாத கவலையும் இல்லை. அவள்தான் வேளை தவறாமல் ஒப்பிக்கிறாளே. எல்லோரும் பார்க்கப் பொடி, யாரும் பார்க்காமல் மாத்திரை. வெற்றி பொடிக்கு.

திட்டம் அருமையாக நடந்தது. நான் எடுக்க எடுக்க டப்பாவும் குறைகிற மாதிரித் தெரியவில்லை. கோகிலாவுக்கு எண்ணிப் பார்க்கத் தெரியாது என்று சிரித்துக்கொண்டேன். அவள் கல்லூரியில் படித்ததே கணக்குதான்.

மெஷினில் எண் இறங்கியது. புண் காய்ந்து பக்குக் கட்டியது. சந்தோஷப்பட வேண்டிய நான் குழம்பிப் போனேன். இது மாத்திரையா, பொடியா? உலகத்திலேயே உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான்; எனக்கே தெரியவில்லை. சில சமயம், உழைப்பது பொடி, பேர் வாங்குவது மாத்திரையோ என்று தோன்றும். சில சமயம், பொடி சும்மா கூட வந்து உட்கார்ந்திருக்கிறதோ என்று தோன்றும். ஒரே ஷெட்டுக்கு இரண்டு தீவனத்தையும் கலந்து போட்டுவிட்டு எது நல்லது என்று கேட்கிற வேலையாளை நான் எப்படித் திட்டுவேனோ, அப்படியே என்னைத் திட்டிக்கொண்டேன். ஆனாலும் எடுப்பதை நிறுத்தவில்லை.

மாசக் கடைசியில் மறுபடியும் டாக்டர். இரண்டு பேருக்கும் ரத்தம் ஒழுங்காக இருந்தது. சரிசமம். தோல்வி இல்லையென்றால் எங்கள் வீட்டில் அது எனக்கு வெற்றிதான். எல்லாம் பொடி செய்த வேலை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். டாக்டர் கோகிலாவைப் பார்த்தார். கோகிலா மின்விசிறியைப் பார்த்தாள். டாக்டர் கோபப்படவில்லை. அந்தப் பொடியை யாரும் முறையாகச் சோதித்ததாகத் தனக்குத் தெரியாது, தெரியாததைத் தன்னால் நம்பச் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னார். தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? கிளம்பும்போது, "டப்பாவுல இருக்கறதை மட்டும் எப்பவும் விட்டுடாதீங்க" என்று சிரித்தார். பொடி டப்பாவைத்தான் சொல்கிறார், கடைசியில் இவரும் நம் கட்சிக்கு வந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் ராஜம்மாள் காத்திருந்தாள். எங்கள் பண்ணையில் முட்டை அடுக்குகிறவள். அவளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. தினமும் இன்சுலின் ஊசி. நான் பொடியிலேயே குணமாகிவிட்ட சேதி அவள் வரைக்கும் போயிருந்தது. அதை ஊரெல்லாம் பரப்பியதும் நான்தான்.

"ஊசி குத்திக் குத்தி வயிறெல்லாம் வலி தாங்கலீங்க சாமி. உங்க பொடியில கொஞ்சம் குடுத்தீங்கன்னா, நாளையிலருந்து ஊசிய நிறுத்திப்போடறேன்" என்றாள்.

நான் கோகிலாவைப் பார்த்தேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எத்தனையோ விஷயத்தில் எனக்கு முன்னால் பேசிவிடுகிறவள், அன்றைக்குப் பார்த்துச் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ராஜம்மாள் கையை நீட்டியபடி நின்றாள். மெலிந்த கை.

"ஊசிய நிறுத்தீறாதே ராஜம்மாக்கா. நான் மாத்திரையும் தின்னேன்."

"எப்பங்க சாமி?"

"தெனமும். அடுப்படியில. இவளுக்குத் தெரியாம."

சேவல் முட்டையிட்டதைப் பார்த்தது போல ராஜம்மாள் என்னைப் பார்த்தாள். கோகிலா அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். ஊசியை ஒரே இடத்தில் குத்தாமல் மாற்றி மாற்றிக் குத்தினால் வலி குறையும் என்பார்கள், நாளைக்கு நானே டாக்டரிடம் கூட்டிப் போய்க் கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

அதன் பிறகு என்னால் கோகிலாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திருடியது ஒரு பக்கம் இருக்கட்டும். நோயாளியின் மருந்தில் அல்லவா கை வைத்திருக்கிறேன்?

"உன்ற மாத்திரையத் தின்னுபோட்டேன் கோகிலா. உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?"

"எனக்கு என்னங்க ஆகும்? எனக்குத்தான் சக்கரையே இல்லீங்களே."

ரத்தம் எடுத்த அன்றைக்கே இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். டப்பாவில் இருந்தது முழுக்க என் பேருக்கு எழுதியது. அவள் வாய்விட்டு ஒப்பித்தது என் காதுக்கு. குறையக் குறைய நிரப்பியவளும் அவளே. என் கண் முன்னால் வேளைக்கு ஒன்றாக அவள் விழுங்கியது பெப்பர்மிட்டு. குணமாவதற்கு என்றால் நான் தின்ன மாட்டேன், செயிப்பதற்கு என்றால் திருடியாவது தின்பேன் என்று அவளுக்குத் தெரியுமாம்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். அவளுக்குச் சர்க்கரையே இல்லையென்றால் அந்தச் சோதனையே செல்லாது. செல்லாது என்றால் பொடி செயிக்கவில்லை. ஆனால் தோற்கவும் இல்லையே? அந்த ஒரு நூல் கிடைத்ததும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

கோகிலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இன்றைக்குக் கையில் பட்டை கட்டிப் பார்த்ததில் எனக்கு ரத்தக்கொதிப்பும் இருக்கிறதாம், அதற்கும் டாக்டர் மாத்திரை எழுதி அவளிடம் கொடுத்திருக்கிறாராம்.

"ரத்தக்கொதிப்புக்கு வெள்ளியங்கிரிகிட்ட ஒரு வேர் இருக்குதாமா" என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"செரீங்க" என்றாள். "அப்ப நாளையிலருந்து எனக்கும் ரத்தக்கொதிப்புங்க."